தாமதமாய் நின்ற வண்டி

சுகாசினிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு தொழிற்சாலையில், கார் சீட்டுக்கான நுரைப் பொதிகளை அடுக்கும் வேலைக்குக் காண்ட்ராக்ட்டில் சேர்ந்திருந்தாள். அங்கே வண்டி ஓட்டுகிறவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி, அவர் திரும்பி வரும்வரை வண்டி சும்மா நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் என்று நகர்த்திப் பார்த்தாள். சூப்பர்வைசர் கண்ணில் பட்டுத் திட்டும் வாங்கினாள். லோடு தேங்கிப்போன ஒரு நாள் அதே சூப்பர்வைசர் வந்து, அன்றைக்குத் திட்டியதை மறந்தவர் போல, கொஞ்சம் ஓட்டித் தருகிறாயா என்று கேட்டார். பிறகு லைசென்ஸ் எடுத்தாள். வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

தாமலில் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு உழுது காலம் தள்ளியவர் அவளுடைய அப்பா முனிரத்தினம். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று ஊரில் கேட்டால், ரெண்டு கொம்பு வைத்த வண்டி ஓட்டுகிறாள் என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அந்த வண்டி பின்சக்கரத்தால் திரும்பும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் இடுப்புக்கு முதலில் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான் தெரியும். சக்கரம் ஒரு சின்ன ஆணியில் ஏறினாலும் சீட்டின் வழியாக முதுகுத்தண்டில் வந்து சொல்லிவிடும். ஏழெட்டு வருடம் அப்படி ஓட்டினாள். அந்தத் தொழிற்சாலை ஒசூர்ப் பக்கம் போய்விட்டபோது காண்ட்ராக்ட் ஆட்களை யாரும் கூட அழைத்துப் போகவில்லை.

அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு புதுக் கம்பெனியில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும், ஆனால் வேலை ஏசி அறையில் என்று கேள்விப்பட்டுப் போனாள். மூன்றாவது மாடியில் நீளமான கூடம். வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் மூன்று திரை, ஒரு ஸ்டியரிங், இரண்டு பெடல், கொம்பை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி. வண்டி மட்டும் அங்கே இல்லை. அது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஒரு குளிர்க் கிடங்கில் இருந்தது. உறைய வைத்த உருளைக்கிழங்கும் மீனும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் கிடங்கு. உள்ளே நின்று வேலை செய்ய அந்த ஊர் ஆட்கள் கிடைக்கவில்லையாம். அதனால் வண்டி அங்கே, ஓட்டுகிறவர் இங்கே.

நேர வித்தியாசம் அதிகமில்லாததால் வேலை பகலிலேயே நடந்தது. விடியும்போது கம்பெனி வேன் சுகாசினியின் வீட்டுப் பக்கம், ஓரிக்கை முனையில் வந்து நிற்கும். பிள்ளையார்பாளையத்தில் கீர்த்தி ஏறுவாள். நெசவுக்காரர் பரமசிவத்தின் மகள், கம்ப்யூட்டர் படித்தவள், ஃபோர்க்லிஃப்டை நேரில் பார்த்தேயிராமல் நன்றாக ஓட்டக்கூடியவள். சின்ன வயதிலிருந்து வீடியோ கேம் ஆடிய கை என்று அவளே சொல்லிக்கொள்வாள். மதியம் மூன்று மணிக்கெல்லாம் இரண்டு பேரும் வீட்டில் இருக்கலாம். வெயில் இல்லை, புழுதி இல்லை, காதை அடைக்கும் ஹாரன் இல்லை. சுகாசினியின் கணவன் ஜோசுவா ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இவ்வளவு சுகமான வேலையை நம்ம குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை என்று முதல் வாரம் அவன் பெருமைப்பட்டான்.

ஆனால் முதல் வாரமே சுகாசினிக்குத் தலைவலி வந்தது. இரண்டாவது வாரம் வாந்தி.

விஷயம் சின்னதுதான். இங்கே ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தச் செய்தி கடலுக்கடியில் கேபிள் வழியாகப் போக வேண்டும். அங்கே வண்டி திரும்ப வேண்டும். திரும்பியதைக் கேமரா படம் பிடித்து மறுபடி கடல் வழியாக அனுப்ப வேண்டும். கண் சிமிட்டுகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் அந்த இடைவெளியில் கை ஒன்று செய்துவிட்டுக் காத்திருக்க, கண் இன்னும் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும். திருப்பியும் திரும்பவில்லையே என்று கை இன்னும் கொஞ்சம் திருப்பும். அதற்குள் முதலில் திருப்பியது வந்து சேர, வண்டி வேண்டியதற்கு மேல் வளைந்துவிடும். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் போகும். குடித்துவிட்டு ஓட்டுகிறவன் வண்டி மாதிரி அவளுடைய வண்டி அந்தக் கிடங்கின் நடைபாதையில் அலைந்தது.

பயிற்சியில் அதற்கு வழி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு அசைவு கொடு, படம் வரும்வரை நிறுத்து, பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடு. அப்படி ஓட்டினால் எதிலும் இடிக்காது. ஆனால் எதையும் முடிக்கவும் முடியாது. மற்றவர்கள் பெட்டி அடுக்கிய பேலட் பலகை பத்து எடுக்கிற நேரத்தில் நான்கு எடுப்பாள். டீம் லீடர் விக்னேஷ் நல்ல பையன், கடிந்து பேச மாட்டான். பின்னால் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் நிற்பதே போதும்.

இரண்டு மாதம் போனபின் அவளுடைய கை அந்த இடைவெளியைப் பழகிக்கொண்டது. பிரேக்கை அழுத்துவாள். படத்தில் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவள் அதைப் பார்ப்பதில்லை. இந்நேரம் அங்கே நின்றிருக்கும் என்று உடம்புக்கே தெரியும். உடனே ஸ்டியரிங்கை நேராக்கி, முன்னே போகும் பெடலை அழுத்திவிடுவாள். படம் பின்னாலேயே வந்து, ஆமாம், நீ நினைத்தபடியே நின்றது, நினைத்தபடியே கிளம்பியது என்று காட்டும். நன்றாக ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். விதிப்படி கூடாதுதான். ஆனால் எண்ணிக்கை ஏறியதும் விக்னேஷ் கூடத்தின் நடுவில் வைத்து அவளுக்குக் கை தட்டச் சொன்னான்.

பழகியது கூடத்தோடு நிற்கவில்லை. வீட்டில் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஸ்கூட்டியில் போனால் தூரத்தில் ஸ்பீடு பிரேக்கர் தெரிந்ததுமே பிரேக்கை அழுத்திவிடுவாள். பின்னால் வருகிறவன் கத்திக்கொண்டு ஒதுங்கிப் போவான். ஜோசுவா ஏதாவது கேட்டால் அவள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமானது. காதில் விழுந்ததும் ஒரு வெற்றிடம், அதற்குப் பிறகுதான் வார்த்தை. முதலில் அவன் கோபமோ என்று நினைத்தான். சோர்வாக இருக்கும் என்று பிறகு நினைத்தான். கொஞ்ச நாளில் கேட்பதையே குறைத்துக்கொண்டான். மகள் ஏஞ்சலுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் மெதுவாக அவன் பக்கம் போயிற்று. யாரும் முடிவு செய்து நடந்ததல்ல.

அந்தக் கிடங்கில் அவளுக்குத் தெரிந்த மனிதர் ஒருவர்தான். பெயர் டெர்ரி. அறுபதை நெருங்கியவர், ஆரஞ்சுக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு தரைமுழுக்க நடந்து வேலையைப் பார்ப்பவர். பேலட்டில் சுற்றிய பிளாஸ்டிக் அவிழ்ந்துவிட்டால் சரிசெய்வார், கேமராவில் படியும் உறைபனியைக் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். துடைக்கும்போது அவருடைய முகம் திரையை நிறைத்துக்கொண்டு வரும். ஆறாம் நம்பர் வண்டியில் நீயா என்று கேட்பார். ஆமாம் என்பாள். அந்த ஆமாம் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, கடைசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். அவள் திரும்பக் கட்டைவிரல் காட்ட முடியாது. வண்டிக்குக் கை இல்லை.

வரதராஜப் பெருமாள் கோவில் கருட சேவை நடந்த வாரம் அது. தெருவெல்லாம் அடைத்துவிட்டார்கள். வேன் வரமுடியாமல் சுகாசினியும் கீர்த்தியும் விடியற்காலையில் பெரும் கூட்டத்துக்குள் புகுந்து நடந்து, வெள்ளைகேட் போய்த்தான் ஏறினார்கள். கூடத்துக்குப் போனால் அங்கேயும் நெரிசல்தான். கடலுக்கடியில் எங்கோ கேபிள் அறுந்துவிட்டது, செய்தி வேறு வழியில் சுற்றிக்கொண்டு போகிறது, கொஞ்சம் இழுக்கும் என்று விக்னேஷ் எல்லோருக்கும் சொன்னான்.

ஒரே அளவில் இழுத்திருந்தால் சமாளித்திருப்பார்கள். அன்றைக்கு அது ஒரு நிலையில் இல்லை. ஐந்து நிமிடம் வழக்கம்போல இருக்கும். திடீரென்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இழுக்கும். கை அதற்குப் பழகுவதற்குள் மறுபடி பழையபடி ஆகிவிடும். திரையின் மூலையில் இணைப்பின் நிலையைக் காட்டும் ஒரு புள்ளி உண்டு. நன்றாக இருந்தால் பச்சை, மோசமானால் சிவப்பு. அது ஒரு நிமிடத்துக்கான சராசரியைப் பார்த்து நிறம் மாறும் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அன்று முழுக்க அது பச்சையாகவே இருந்தது.

"அக்கா, எனக்குக் கண்ணுக்குள்ள யாரோ மணலைப் போட்டாப்ல இருக்குது," என்றாள் கீர்த்தி, டீ குடிக்கும்போது.

"எனக்குத் தோள்பட்டையில இருக்குது. இன்னும் ரெண்டு மணி நேரம், ஓட்டிக்கினே இருப்போம்," என்றாள் சுகாசினி.

அது நடந்தது உறைகுளிர் அறையின் வாசலில். அங்கே பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும். வண்டி உள்ளிருந்து வெளியே வரும்போது குளிர்ந்த காற்றும் வெளிக்காற்றும் கலந்து எப்போதும் புகை மாதிரி மூட்டமாக இருக்கும். ஆள் குறுக்கே வந்தால் தானாக நிற்கும்படி வண்டியில் ஒரு சென்சார் உண்டுதான். ஆனால் அது அந்த மூட்டத்தையே ஆள் என்று நினைத்து அடிக்கடி நின்றுகொண்டிருந்ததால், வாசல் பக்கத்தில் மட்டும் மிக அருகில் வந்தால்தான் பார்க்கும்படி அதைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

சுகாசினி உருளைக்கிழங்குப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாரம் வாசலின் இடது நிலைச்சட்டத்தை உரசப் போவது போல் தெரிந்தது. பிரேக்கை அழுத்தினாள். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்து நேராக்கினாள். வழக்கமான இடைவெளி முடிந்துவிட்டது என்று கை சொன்னது. முன்னே போகும் பெடலை அழுத்தினாள். திரையில் அப்போது வாசல் காலியாக இருந்தது.

அழுத்திய பிறகுதான் படத்தில் டெர்ரி தெரிந்தார். மூட்டத்துக்குள் ஆரஞ்சு நிறம், தூக்கிய ஒரு கை. பிரேக்கைக் கால் நோக அழுத்தினாள். திரையில் வண்டி அப்போதுதான் முதல் பிரேக்குக்கு நின்றது. அது நின்றதைக் கண்டு ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. பிறகு டெர்ரி வண்டியின் முன்னால் அடி எடுத்து வைப்பதைப் பார்த்தாள். வண்டி மறுபடி கிளம்புவதையும் பார்த்தாள். அவள் கால் பிரேக்கிலேயே இருந்தது. அங்கே நடந்து முடிந்துவிட்ட ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் இன்னும் அழுத்தினாள். சென்சாரும் அவளுடைய பிரேக்கும் ஏறக்குறைய ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், வண்டி சட்டென்று குலுங்கி நின்றது. டெர்ரியின் முகம் திரையின் அடிப்பக்கமாக இறங்கி மறைந்தது. அவருடைய சத்தம் ஹெட்செட்டில் வந்தபோது அவர் ஏற்கெனவே தரையில் கிடந்தார்.

யார் யாரோ ஓடிவந்தார்கள். யாரோ வண்டியின் மின்சாரத்தைத் துண்டித்ததும் மூன்று திரையும் கறுத்துப்போயின. விக்னேஷ் வந்து தோளைத் தொட்டு, "அக்கா, கால எடுங்க," என்றான். அவளால் எடுக்க முடியவில்லை. கீர்த்தி குனிந்து அவளுடைய காலைப் பிடித்துப் பெடலிலிருந்து நகர்த்தி வைத்தாள்.

டெர்ரிக்குக் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று மறுநாள் சொன்னார்கள். சென்சார் நிறுத்தியிராவிட்டால் இடுப்புவரை போயிருக்கும் என்றும் சொன்னார்கள். அதை ஏன் சொன்னார்கள் என்று அவள் பல நாள் யோசித்தாள்.

விசாரணை வீடியோ மூலம் நடந்தது. இங்கிருந்து இரண்டு பேர், அங்கிருந்து இரண்டு பேர். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆள் முன்னால் நிற்கும்போது ஏன் வண்டியைக் கிளப்பினீர்கள் என்று கேட்டார்கள். நான் கிளப்பும்போது என் திரையில் ஆள் இல்லை என்றாள். படம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னோமே என்றார்கள். சொன்னீர்கள் என்றாள். காத்திருந்தீர்களா என்றார்கள். இல்லை என்றாள். அப்படிக் காத்திருந்தால் நீங்கள் கேட்கும் எண்ணிக்கை வராது என்று சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் அடுத்தவர் வேறு கேள்விக்குப் போய்விட்டார். திரும்பி அதைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அன்றைய தாமதத்தின் சராசரி வரம்புக்குள்தான் இருந்தது என்று முடித்தார்கள். ஓட்டுநரின் கவனம் போதவில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை. தற்காலிகமாக ஓட்ட வேண்டாம், மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துப் பிழை குறித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

அந்த நாட்களில் சுகாசினி வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் செருப்பைக் கழற்ற நேரமாகும். தூக்கம் வராது. கண்ணை மூடினால் மூட்டமும் ஆரஞ்சு நிறமும் வரும். கால் தானாகக் கட்டில் சட்டத்தை அழுத்தும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டெர்ரிக்காக ஜெபிக்க நினைத்து, அவருடைய முழுப் பெயர் தெரியாமல், டெர்ரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். ஜோசுவாவுக்கு எல்லாம் தெரியும். எப்படி ஆறுதல் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவன் வேனில் தினமும் முப்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"என் வண்டிக்குப் பிரேக்கு அந்த மாதிரி இருந்துச்சுன்னா, நான் ஒரு நாளும் சாவியத் தொட மாட்டேன்மா."

அவள் வழக்கம்போலக் கொஞ்சம் கழித்துத்தான், "தெரியும்பா," என்றாள். இந்தத் தடவை அவன் அந்த இடைவெளி முழுவதும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

மழைக்காலம் தொடங்கியபோது டெர்ரி அவளோடு பேச வேண்டும் என்று கேட்டிருப்பதாக விக்னேஷ் வந்து சொன்னான். விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்றும் சொன்னான். அவள் பயந்துகொண்டே போய் உட்கார்ந்தாள். திரையில் டெர்ரி வீட்டுச் சட்டையில் இருந்தார், அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னல், துணி காயும் கொடி. குளிர்ச்சட்டை இல்லாமல் அவர் இன்னும் வயதானவராகத் தெரிந்தார். ஊன்றுகோலோடு நடக்கிறேன், இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் வேண்டியிருக்காது என்றார். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், ஒன்றைக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றார். நான் கையைத் தூக்கினேன். நீ நிறுத்தினாய். நிறுத்திவிட்டாயே, என்னைப் பார்த்துவிட்டாய் என்றுதானே நான் குறுக்கே போனேன். பிறகு ஏன் கிளப்பினாய்?

சுகாசினிக்கு அந்தக் கேள்வி புரிய நேரமாயிற்று. வண்டி நின்றது அவருக்காக அல்ல. பாரம் நிலைச்சட்டத்தில் உரசக்கூடாதே என்று அவள் அதற்கு முன்பே அழுத்திய பிரேக் அது. கடலெல்லாம் சுற்றிக்கொண்டு, அவர் கையைத் தூக்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவளுக்கு அவர் அங்கே இருப்பதே தெரியாது. அவளுடைய பிரேக்கைத் தன் கைக்குக் கிடைத்த பதில் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

தனக்கு வந்த ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி அதைச் சொன்னாள். நான் நின்றது உங்களுக்காக இல்லை. அப்போது உங்களை நான் பார்க்கவே இல்லை.

டெர்ரி ஒன்றும் பேசவில்லை. அது அவருடைய மௌனமா, இணைப்பின் இழுவையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்ததால் படம் உறைந்துபோகவில்லை என்று மட்டும் தெரிந்தது.

பிறகு அவர் மெதுவாகப் பேசினார். வாலிபத்திலிருந்து ஃபோர்க்லிஃப்டுக்குக் குறுக்கே நடந்து பழகியவன் நான், ஓட்டுகிறவனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நடப்பேன், இந்த வண்டியில் முகம் இல்லை, அது நிற்பதையும் நகர்வதையும் வைத்துத்தான் உள்ளே இருப்பவரின் மனதைத் தெரிந்துகொண்டேன் என்றார். அப்படியானால் இத்தனை நாளும் நான் தெரிந்துகொண்டதாக நினைத்ததெல்லாம் என்ன என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது போலக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. மிகவும் களைத்திருந்தார். இதை எங்கள் சங்கத்தில் சொல்கிறேன், விசாரணைத் தாளில் இந்த விஷயம் எங்கேயும் இல்லை என்றார். கடைசியில் உன் தூக்கம் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்று பொய் சொன்னாள். என் தூக்கமும் பரவாயில்லை என்றார் அவர்.

அடுத்த வாரம் அவளை மறுபடி வண்டியில் உட்கார வைத்தார்கள். அவள் இப்போது படம் வரும்வரை காத்திருந்து ஓட்டினாள். இணைப்பு கொஞ்சம் ஆடினாலும் வண்டியை நிறுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். புள்ளி பச்சையாக இருந்தாலும் நிறுத்தினாள். அவளுடைய எண்ணிக்கை கூடத்திலேயே கடைசிக்குப் போயிற்று. விக்னேஷ் சில நாள் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் கேண்டீனுக்கு அழைத்துப்போய், தனக்கு மேலே இருப்பவர்கள் தன்னைக் கேட்கிறார்கள், கொஞ்சமாவது ஏற்றிக் கொடுங்கள் அக்கா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். அவனுக்கும் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஏற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் மறுபடி பார்க்காமல் அழுத்த வேண்டும். அது தன்னால் ஆகாது என்று அவனிடம் சொல்லிவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து ஜோசுவாவிடம், "வேலைய விட்டுட்டேன்பா," என்றாள்.

அவன் கேட்டதெல்லாம், "சாப்ட்டியா?" என்றுதான்.

வாலாஜாபாத்தில் அம்சவேணி என்கிற அம்மா நடத்தும் அரிசி மில்லில் ஃபோர்க்லிஃப்டுக்கு ஆள் தேவைப்பட்டது. பெண்ணா என்று அம்சவேணி யோசிக்கவில்லை, தவிட்டுத் தூசி ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டார். பழைய டீசல் வண்டி, சீட்டில் பஞ்சு வெளியே தெரிந்தது. சுகாசினி ஏறி உட்கார்ந்து முதல் சாக்கு அடுக்கைத் தூக்கினாள். ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பிவிட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் கேட்காத கேள்விக்கு யாரோ முந்திக்கொண்டு பதில் சொன்னது போல இருந்தது. பிரேக்கை அழுத்தினால் நெற்றி கம்பியில் மோதுகிற மாதிரி உடனே நின்றது. தூணுக்கு ஒரு வண்டி தூரம் முன்பே நிறுத்திவிடுவாள், அங்கிருந்து ஊர்ந்து போவாள். இரண்டாம் நாள் ஒரு சாக்கு சரிந்து விழுந்து களம் முழுக்க அரிசி. லைசென்ஸ் எங்கே வாங்கினது என்று மில் ஆட்கள் சிரித்தார்கள். தலைவலியும் குமட்டலும் மறுபடி வந்தன. முதலில் அந்தக் கூடத்தில் வந்த அதே தலைவலிதான்.

ஏழெட்டு வருடம் ஓட்டிய கைக்கே இப்படியா என்று பஸ்ஸில் வரும்போது கண்ணீர் வந்தது. தோற்றுப்போன கண்ணீர்கூட அல்ல, சும்மா அசதியில் வருவது. அம்சவேணி அவசரப்படுத்தவில்லை. நெல் வரத்து குறைவாக இருந்த நேரம் அது, அதனால் அவசரப்படுத்த வேண்டிய தேவையும் இல்லை. வாரங்கள் போகப்போக இடுப்புக்கு மறுபடி பாரம் தெரியத் தொடங்கிற்று. தரையிலுள்ள பள்ளங்கள் முதுகுக்குத் தெரிந்தன. ஒரு நாள் மாலை, அன்றைக்கு முழுக்க எங்கேயும் முன்கூட்டி நிறுத்தவில்லை என்பது வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கீர்த்தி ஓரிக்கைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ஏஞ்சலுக்குத் தலையில் வைக்க ஒரு ரிப்பன் வாங்கி வந்திருந்தாள். கிடங்கில் நடந்த சேதியைச் சொன்னாள். வண்டிகளின் மேல் ஒரு மஞ்சள் விளக்கு வைத்திருக்கிறார்கள், இணைப்பு இழுக்க ஆரம்பித்தால் அது எரியும். சராசரி எல்லாம் இல்லை, அந்தந்த நொடிக்கு. அது எரிந்தால் அங்கே யாரும் வண்டியின் பக்கத்தில் போகக்கூடாது, இங்கே யாரும் அசைக்கவும் கூடாது. டெர்ரியின் சங்கம் பேசி வாங்கியதாம். டெர்ரி வேலைக்குத் திரும்பவில்லை, ஓய்வு வாங்கிக்கொண்டார் என்றாள்.

சுகாசினி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் காலை நன்றாக ஊன்றுகிறாரா என்று கேட்டாள். அது கீர்த்திக்குத் தெரியவில்லை.

"விளக்கு அடிக்கடி எரியுதா?"

"எரியுதுக்கா. எரிஞ்சா நாங்க சும்மா உக்காந்துக்கினு இருக்குறோம். அந்த நேரத்த எண்ணிக்கையில கழிக்க மாட்டேங்குறாங்க. அணைஞ்சதும் ரெண்டு மடங்கு ஓட்ட வேண்டியிருக்குது." கீர்த்தி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அந்த மில்லுல ஆள் எடுப்பாங்களாக்கா?"

சுகாசினி உள்ளதைச் சொன்னாள். தவிட்டுத் தூசியில் இருமல் வருகிறது, ஏசி கிடையாது, தோள்பட்டை ராத்திரியானால் கழன்றுவிடும் போல வலிக்கிறது, சம்பளமும் அங்கே வாங்கியதைவிடக் குறைச்சல்தான்.

"ஆனா நில்லுன்னா நிக்குது கீர்த்தி. அது ஒண்ணுதான்," என்றாள்.

டீ போடலாமென்று அடுப்படிக்குப் போனாள். ஜோசுவா பால் வாங்கி வந்து வைத்திருந்தான். டீயை ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் கீர்த்தி நாற்காலியிலேயே வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். மடியில் கிடந்த வலது கையின் விரல்கள் எதையோ பிடித்து நகர்த்துவது போல மெல்ல அசைந்தன. எழுப்ப மனம் வரவில்லை. ஃபேனை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, டம்ளரைத் தட்டால் மூடி வைத்துவிட்டு, சுகாசினியும் அவளுக்கு எதிரே தரையில் பாயை விரித்துப் படுத்தாள். ஏஞ்சல் ரிப்பனைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தபோது இரண்டு பேருமே தூங்கியிருந்தார்கள்.